ஏர்கோனுக்கு வைத்த பொட்டு

மலாய் நாட்டுத் தீவு நகரமான இந்த ஜார்ஜ் டவுனில் மழையில்லாத நாளிலும் தலையில் தண்ணீர் சொட்டும். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில், நாசி கண்டார் சோற்றுக்கடை வாசனையைப் பிடித்துக்கொண்டு கடைகளை ஒட்டி நடந்தால் உச்சந்தலையில் சில்லென்று ஒன்று விழும். வந்த புதிதில் மாடியிலிருந்து யாரோ துப்புகிறார்கள் என்று சண்டைக்கு நிமிர்ந்திருக்கிறேன். இப்போது நிமிர்ந்தால் கண்ணில் படுவது ஏசித் தண்ணீர் வடியும் குழாய்தான். ‘எவன்டா இதை வாட்டம் பார்க்காம மாட்டினது?’ என்று மனசுக்குள் திட்டிவிட்டு நடக்கிறேன்.

நான் ஏசி மாட்டுகிறவன். இங்கே அதற்கு ஏர்கோன் என்று பெயர். சுவரில் துளை போட்டு, உள்ளே ஒரு பெட்டி, வெளியே ஒரு பெட்டி, நடுவில் செம்புக்குழாய். பாலிடெக்னிக்கில் படித்தபோது பரீட்சைக்காக மனப்பாடம் செய்த விஷயம், குழாயைக் கையால் வளைக்கும்போதுதான் புரிந்தது: நாங்கள் அறைக்குள் குளிரைக் கொண்டு வருவதே இல்லை. உள்ளே இருக்கும் சூட்டைத் தூக்கி வெளியே போடுகிறோம், அவ்வளவுதான். இதை யாரிடம் சொன்னாலும் எனக்கு இன்னும் குஷியாக இருக்கிறது. அம்மாவிடம் சொன்னபோது, “அப்போ வெளியில இருக்கிறவன் என்னடா பண்ணுவான்?” என்று கேட்டாள்.

வேலூர் வெயிலில் வளர்ந்தவளின் கேள்வி அது. எங்கள் வீட்டில் ஒரே ஒரு டேபிள் ஃபேன். கோடையில் நாலு பேரும் ஹாலில் வரிசையாகப் படுப்போம். ஃபேன் அப்பாவிடம் ஆரம்பித்து, அம்மா, தங்கை என்று தலையைத் திருப்பிக்கொண்டே கடைசியில் என்னிடம் வரும். வந்ததும் திரும்பிவிடும். “உன் பக்கம் மட்டும் நின்னு நின்னு போகுது, நீ ஏதோ பண்ணி வச்சிருக்கே” என்று தங்கை எட்டி உதைப்பாள். காற்று அப்பாவிடம் போய்த் திரும்பி வரும்வரை வியர்வையோடு காத்திருப்பதும், வந்ததும் நாலு பேரில் யாராவது ‘அப்பாடா’ என்பதும்! இங்கே அறைக்கு அறை காற்று. கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.

கடலுக்கு அக்கரையில், பிறை என்ற ஊரில் தேவகி அக்கா வீட்டுக்குப் போனது போன மாதம். அம்மா வயசுதான் இருக்கும், ஆனாலும் இந்த ஊர் வழக்கப்படி அக்கா. ஃபேக்டரி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை. நெற்றியில் விபூதி மட்டும். நுழைந்ததும், “பசியாறிட்டீங்களா தம்பி?” என்றார். பசி இருக்கிறதா என்று கேட்கிறார் என நினைத்து, “பசியே இல்லக்கா” என்று சொல்லிவிட்டேன். இங்கே காலைச் சாப்பாட்டுக்கே பசியாறுவது என்றுதான் பேர். என்னோடு வேலை செய்யும் அஸ்லான் அந்தப் பக்கத்துக்காரன். என் பங்குத் தோசையையும் சேர்த்து அவனே முடித்தான்.

“மவன் ஆஸ்திரேலியாவுலேர்ந்து வர்றான், பொண்டாட்டி பிள்ளையோட” என்றார் அக்கா. “போன தடவ பிள்ளைக்கு ஒடம்பெல்லாம் வேர்க்குரு. ரெண்டாம் நாளே ஹோட்டலுக்குப் போயிட்டாங்க. நா ஆக்குனத கட்டிக்கிட்டு பாலம் தாண்டிப் போயிக் குடுத்தேன்லா. இந்த வாட்டி இந்த ரூம்பு மட்டும் குளுந்துட்டா போதும்.”

மாட்டி, ரிமோட்டில் ஓட்டிக் காட்டி அணைத்தோம். அக்கா ஸ்டூலில் ஏறி, புது ஏர்கோன் முகத்தில் சந்தனம் அப்பி, அதன்மேல் பெரிய குங்குமப் பொட்டாக வைத்துக் கற்பூரம் காட்டினார். அஸ்லான் என் காதில், “உங்காளுங்க கெரெத்தா வாங்கினா டயருக்கு அடியில எலுமிச்சம்பழம் வைப்பீங்களே, இதுக்கு டயர் எங்கே?” என்று மலாயில் கேட்டான். சிரிப்பை அடக்கிக்கொண்டு கும்பிட்டேன்.

மகன் வரும் நாள் சாயங்காலம் அக்கா போன் செய்தார். “தம்பி, ஏர்கோன் ஓட மாட்டேங்குது. பேட்டரி மாத்திப் பாத்துட்டேன். அவன் ஏர்போர்ட்ல எறங்கிட்டான். இதப் பாத்தா நேரா ஹோட்டலுக்குத்தான் போவான்.”

ஃபெர்ரி பிடித்து அக்கரை போனேன். படகுத்துறையில் அஸ்லான் மோட்டார் பைக்கோடு நின்றான். எங்கே தப்பு விட்டேன், குழாய் இணைப்பா, வயரா என்று வழியெல்லாம் மண்டை குடைந்தது. அக்கா வீட்டுக்குள் நுழைந்ததும் ஏர்கோன் மூடியைத் தூக்கி உள்ளிருந்த பட்டனை அமுக்கினேன். ஜம்மென்று ஓடியது. ஆனால் குழந்தை படுக்கும் அறையில் குளிரைக் கூட்டிக் குறைக்க ரிமோட் வேண்டுமே. மூடியை இறக்கிவிட்டு நிமிர்ந்தேன். ரிமோட்டின் சைகையை வாங்கும் சின்னக் கண்ணாடிப் பொட்டின் மேலேயே, கனமாகக் காய்ந்த சந்தனம். நடுவில் அக்காவின் குங்குமம்.

துணியை எடுத்தேன். “ஐயோ, வச்ச பொட்ட தொடைக்கக் கூடாது தம்பி!” அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். பிடி விடவில்லை.

துணியைப் பையில் போட்டேன். விரலைத் தண்ணீரில் நனைத்து, சந்தனத்தை மெல்ல இளக்கி, குங்குமத்தோடு வழித்து என் நெற்றியில் வைத்துக்கொண்டேன். “தொடைக்கலக்கா. எடுத்துக்கிட்டேன்.”

அக்கா ரிமோட்டை நீட்டி அமுக்கினார். கீச்சென்று பதில் வந்தது. ஓரமாக வேறொரு சின்னப் பொட்டு வைத்தார்.

நாங்கள் கிளம்பும்போது கார் வந்து நின்றது. மகன் என் நெற்றியை ஏற இறங்கப் பார்த்தான். “நம்ம தம்பிதான்” என்றார் அக்கா. நான் அவனைப் பார்க்கவில்லை, கார் டிக்கியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அறைக்குள் ஒரு நடை போய்வந்தவன் டிக்கியைத் திறந்தான். ஒரு பெட்டி இறங்கியது. இரண்டாவதும். எல்லாமே வீட்டுக்குள் போயின. அஸ்லான் என் முதுகில் ஒன்று போட்டான்.

திரும்பும் ஃபெர்ரியில் அம்மா வீடியோவில் வந்தாள். அங்கே இன்னும் வெயில்.

“நெத்தியில என்னடா இவ்ளோ பெருசா? எந்தக் கோயிலுக்குப் போன?”

“கோயில் இல்லம்மா. வீட்டுக்கு.”

“யாரு வீட்டுக்கு?”

சொல்ல வாயெடுத்தேன். அம்மாவுக்குப் பின்னால் அந்த டேபிள் ஃபேன் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தது. அவள் காதோர முடி ஒருமுறை பறந்து அடங்கியது. அடுத்தது தங்கை, அதற்கடுத்தது நான். என்னையறியாமல் முகத்தைப் போனுக்குப் பக்கத்தில் கொண்டுபோயிருந்தேன். கடல் காற்று பிடரியில் அடித்தது.