ஒரு மூடி அரிஷ்டம்

குடியை விட்ட பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. பசித்தால் பயம், சும்மா உட்கார்ந்தால் பயம். பொழுது சாய்ந்தால் கேட்கவே வேண்டாம். டாக்டரிடம் சொன்னபோது, "உடம்ப நீரே பச்சப்பிள்ளை மாதிரி பாத்துக்கிடணும். நேரத்துக்குச் சாப்பிடும், நல்லா தூங்கும். சாயங்காலம் தனியா இருக்காதேயும்" என்றார்.

அப்படியே செய்தேன். காலையில் சேரன்மகாதேவி ஆற்றில் குளியல், நெற்றி நிறைய திருநீறு, சுடச்சுட இட்லி. பிறகு என் மனைவி உள்ளங்கையில் மாத்திரையை வைத்து நீட்டுவாள். அதைப் போட்டுவிட்டுக் குடித்தால் உடம்பு தாங்காது. டாக்டர் எங்கள் இருவரையும் உட்கார வைத்து விளக்கி, சம்மதம் கேட்ட பிறகுதான் எழுதிக் கொடுத்தார். "இருமல் டானிக்னாலும் என்னயக் கேக்காமக் குடிக்கப்படாது" என்றும் சொல்லியிருந்தார். சிவசிவா என்று சொல்லித்தான் தினமும் விழுங்குவேன்.

ஒரு நாள் வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரைச் சோறு தின்றுகொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு அண்ணாச்சி எட்டிப் பார்த்தார்.

"என்னவே, பிள்ளை பெத்தவ மாதிரி பத்தியச் சோறு! தொட்டிலு கட்டியாச்சா?"

நானும்தான் சிரித்தேன். ஆனால் அந்தப் பேச்சு என் மனைவி மனதில் வேறு மாதிரி விழுந்துவிட்டது. மூத்தவளைப் பெற்றபோது அவள் நாராகக் கிடந்தாள். அவள் அம்மா நாட்டுமருந்துக் கடை அரிஷ்டம் கொடுத்துத்தான் தேற்றினார்கள். மறுநாள் வண்ணார்பேட்டைக்குப் போனவள் அதே அரிஷ்டத்தில் ஒரு பாட்டில் வாங்கி வந்து சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டாள். பால் கொடுக்கிற பெண்ணுக்கே கொடுக்கிற மருந்து. எங்கள் பக்கத்தில் அதை யார் சந்தேகப்படுவார்கள்? எனக்கும் தோன்றவில்லை.

அன்று சாயங்காலம் கற்பூரம் வாங்கக் கடைக்குப் போய்த் திரும்பினேன். விளக்கேற்றிக் கும்பிட்ட பிறகு மூடியில் ஊற்றிக் கொடுத்தாள். இனிப்பு, பின்னால் துவர்ப்பு. தொண்டையில் ஒரு சூடு இறங்கியது. மூடியில் ஒட்டியிருந்ததையும் நக்கினேன். அவள் அடுக்களைக்குப் போய்விட்டாள். நான் சாமி முன்னால் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கொஞ்ச நேரம் மனசு அப்படி அடங்கிக் கிடந்தது. ஈசன் கண் திறந்துவிட்டான் என்று நினைத்தேன்.

பிறகு காது எரிந்தது. முகம் எரிந்தது. நெஞ்சு கொட்டு அடிப்பது போல் அடித்தது, மூச்சு மேலே ஏறவில்லை. கொல்லைக்கு ஓடித் துவைக்கிற கல்லைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன். சாவு வந்துவிட்டது என்றே நினைத்தேன்.

ஓடி வந்த மனைவி என் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். சிவந்த முகம், சிவந்த கண். அவள் பார்க்காததா?

"கற்பூரம் வாங்கவா போனிய?"

"ஆமாளா."

"வாடை வருதே."

சாமி சத்தியமாக இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. எனக்கே சந்தேகம். முன்பெல்லாம் செய்தது நினைவில்லாமல் விடிந்த நாள்கள் உண்டு. கடைக்குப் போன நேரத்தில் எனக்கே தெரியாமல் கால் சாராயக்கடைப் பக்கம் போயிருக்குமோ? அந்தப் பயம் சாவுப் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

சத்தம் கேட்டு அண்ணாச்சி வந்தார். "ஏலே, மறுபடியும் ஏத்திட்டியா?" என்று அதட்டியவர், என் முகத்தைக் கிட்டத்தில் பார்த்ததும் குரலை மாற்றினார். "ஏ, ஆளு நெறம் மாறுதான். பைய உக்கார வையிங்க. ஆட்டோ கொண்டாரேன்."

ஆட்டோவில் அவள் சேலை நுனியைப் பிடித்துக்கொண்டேன். அவள் அதை உருவிக்கொள்ளவில்லை, என் கையைத் தொடவும் இல்லை. இப்போது செத்தால் குடித்துச் செத்தான் என்பார்கள். இவளும் அப்படித்தான் நம்புவாள். ஈசனே, நான் குடிக்கவில்லை என்று இவள் நம்புகிற வரைக்குமாவது உயிரை விட்டு வை என்று வேண்டிக்கொண்டு போனேன்.

ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றிய நர்ஸ் என்ன குடித்தேன் என்று அவளைக் கேட்டார்.

"தெரியலம்மா. குடிய விட டாக்டர் குடுத்த மாத்திரைதான் போடுதாவ."

"வேற டானிக் ஏதும்?"

"டானிக்கெல்லாம் இல்லம்மா. சத்துக்கு அரிஷ்டம் ஒரு மூடி, நான்தான் ஊத்திக் குடுத்தேன்."

"அரிஷ்டமா? அது புளிக்க வச்சுச் செய்யுததுல்லா? அதுலயும் போதை உண்டும்மா. இந்த மாத்திரைக்கு அது ஆவாது."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "என் கையாலயா... என் கையாலயே குடுத்தேனே" என்று தலையில் அடித்துக்கொண்டாள். நான் கையை நீட்டினேன். அவள் அதைப் பிடித்து முகத்தில் வைத்துக்கொண்டாள்.

எனக்கு நிம்மதி வந்தது. வந்த வேகத்தில் போயும்விட்டது. தொண்டையில் இறங்கிய அந்தச் சூடு நினைவுக்கு வந்தது. மூடியை நக்கியது நினைவுக்கு வந்தது. ஈசன் கண் திறந்தான் என்று நான் நினைத்தது எதை? யாரும் பார்க்கவில்லை. பேசாமல் இருந்தால் பாட்டில் மேல் பழி போய்விடும்.

காலையில் நெஞ்சுத் துடிப்பு தணிந்திருந்தது. அவள் கஞ்சியைக் கரண்டியில் எடுத்து ஊதினாள்.

"ஏளா, எனக்கு அது பிடிச்சிருந்துச்சு. இன்னொரு மூடி கேக்க வாய் வரைக்கும் வந்துட்டு."

கரண்டி அந்தரத்தில் நின்றது. "இன்னதுன்னு தெரிஞ்சா குடிச்சிய?"

"எனக்குத் தெரியல. நாக்குக்குத் தெரிஞ்சிருக்கு."

அவள் முகத்திலும் பயம் வந்ததைப் பார்த்தேன். ஏன் சொன்னோம் என்று இருந்தது. பிறகு கரண்டியை என் வாய்ப்பக்கம் கொண்டுவந்து, "கஞ்சி ஆறுது, குடிங்க. டாக்டர் வந்ததும் இதையும் சொல்லுவோம். நானும் பக்கத்துல நிக்கேன்" என்றாள். டாக்டர் வந்ததும் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. சொன்னது நல்லது என்று மட்டும் சொன்னார்.

இப்போதும் பொழுது சாய்ந்தால் பயம்தான். கோவிலில் தீர்த்தம் வாங்கினாலும் அப்படித்தான். ஏலக்காயும் பச்சைக் கற்பூரமும் போட்ட தண்ணீர் என்று தெரியும். தெரிந்தும் நான் முதலில் வாயில் வைப்பதில்லை. அவள் தன் கையிலுள்ளதை மோந்து, குடித்து, என்னைப் பார்த்துத் தலையசைப்பாள். அதற்குப் பிறகுதான் குடிக்கிறேன்.