பின்பக்கத்து வட்டத் துளை

கெர்டாவுக்குக் கோபம் வருவது ஊருக்குப் புதிதல்ல. ஃப்ரெடெரிக்ஸ்ஹாவன் என்ற துறைமுக நகரத்தில் முப்பத்தோரு வருடம் டவுன் பஸ் ஓட்டியவள். கதவு மூடிய பிறகு ஓடிவந்து கண்ணாடியைத் தட்டுகிறவர்களை ஏற்றிக்கொள்வாள். ஆனால் அடுத்த நிறுத்தம் வரை திட்டிக்கொண்டே போவாள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, திட்ட ஆள் கிடைக்காமல் கொஞ்சம் வாடித்தான் போயிருந்தாள். அந்தக் குறையை ஆன்டெனா சங்கம் தீர்த்து வைத்தது.

பேட்டையில் உள்ள வீடுகளுக்கெல்லாம் சேர்த்து டிவி இணைப்பு ஏற்பாடு செய்கிற சங்கம் அது. பழைய பெட்டிகளைத் தூக்கிவிட்டு, இணையத்தில் படம் காட்டும் புதுப் பெட்டி கொடுக்கப் போகிறார்கள். எல்லா வீட்டுக்கும் ஒரே பெட்டிதான். இரண்டு பெட்டிகள் போட்டிக்கு வந்திருந்தன. ஒன்று உள்ளங்கை அளவு, மெலிசு, கறுப்பு. வாயால் கேட்டால் படம் தேடித் தரும். டிவிக்கு ஒரே ஒரு வயர், மற்றதெல்லாம் காற்றிலேயே. இன்னொன்று தடித்துப்போய், பார்க்கச் சகிக்காது. யார் என்ன சொன்னாலும் அதற்குப் புரியாது. ஆனால் அதன் பின்பக்கத்தில் இணைய வயரைச் செருக ஓர் இடமும், ஒலியை வெளியே எடுக்க வட்டமாய் ஒரு துளையும் இருந்தன.

கெர்டாவுக்கு வேண்டியது அந்தத் துளை. அவள் கணவன் ஐனார் கப்பல் கட்டும் இடத்தில் இருபத்தாறு வருடம் இரும்புத் தகடு அடித்துக் காதைத் தொலைத்தவன். அவர்கள் வீட்டு ஹாலில் கம்பளத்துக்கு அடியில், சுவரோரமாக ஒரு வயர் சுற்றி ஓடுகிறது. பெட்டியின் துளையிலிருந்து ஒலி அந்த வயருக்குப் போகும், அங்கிருந்து ஐனாரின் காது மெஷினுக்குள் இறங்கும். டிவியும் தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கும். இருவருக்கும் ஒரே நேரத்தில் கேட்கும்.

மெலிசுப் பெட்டியை ஒரு வாரம் வீட்டில் வைத்துப் பார்க்கக் கொடுத்தார்கள். புளூடூத் வழியாக ஐனாரின் காதுக்கு ஒலி போனது. போன கையோடு டிவி ஊமையானது. அவனுக்குக் கேட்டால் அவளுக்குக் கேட்காது, அவளுக்குக் கேட்டால் அவனுக்குக் கேட்காது. டிவியிலேயே இருந்த ஹெட்போன் துளையில் வயரைச் செருகிப் பார்த்தாள். அதிலும் அதே கதை. ஐனார் படத்தைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தான். கெர்டா பக்கத்தில் உட்கார்ந்து, வெறுமனே வாயசைக்கிற மனிதர்களை வெறித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பாவைத் தனியா பாக்க விடும்மா. நீ வேற ரூம்ல இன்னொரு டிவி வெச்சுக்கோ," என்றான் மகன், போனில்.

"நாப்பத்திரண்டு வருஷமா ஒரே சோபாடா. இப்ப வேற ரூமா?" என்று போனை வைத்தாள். கப்பல் வேலை காதைப் பிடுங்கிக்கொண்டது. மிச்சமிருப்பதைச் சங்கத்துக்கு விட்டுக்கொடுக்க அவள் தயாராக இல்லை.

சனிக்கிழமை மதியம் பொதுக்கூட்டம். காபியும் பட்டை மணக்கும் சுருள் ரொட்டியும் வைத்திருந்தார்கள். நாற்பத்தைந்து பேர் வந்திருந்தார்கள், பாதிக்கு மேல் எழுபதைத் தாண்டியவர்கள். அந்தக் கூடத்திலும் தரைக்கடியில் அதே வயர் ஓடுகிறது. மைக்கில் பேசினால் காது மெஷின்காரர்களுக்குத் தெளிவாக விழும். தலைவர் பிரேபென் மைக்கைத் தொடவே இல்லை.

"எனக்கு எதுக்கு மைக்கு? நான் பேசினா துறைமுகம் வரைக்கும் கேக்கும்," என்றார்.

கெர்டா எழுந்தாள். "பின்னாடி துளை இல்லாத பெட்டி எங்களுக்கு ஆகாது, பிரேபென். இங்க எத்தனை வீட்டுல கம்பளத்துக்கு அடியில வயர் ஓடுதுன்னு யாரையாவது கேட்டியா?"

"அதை 'மற்றவை'யில பேசிக்கலாம், கெர்டா."

'மற்றவை' என்பது கூட்டத்தில் கடைசியாக வருவது. அதில் யாரும் எதையும் பேசலாம், எதையும் முடிவு செய்ய முடியாது. வாயை அடைக்க வேண்டியவர்களை அங்கேதான் அனுப்புவார்கள்.

"ஓட்டுப் போட்டு முடிச்சப்புறம் நான் எதைப் பேச? ரொட்டி நல்லா வெந்துச்சான்னா?"

நாலு பேர் சிரித்தார்கள். பிரேபென் சட்டை செய்யவில்லை. "மெலிசுப் பெட்டிக்கு எத்தனை பேர்?"

முன்வரிசையில் கைகள் எழுந்தன. அதைப் பார்த்துப் பின்வரிசையிலும் எழுந்தன. கெர்டா எண்ணினாள். இருபத்திரண்டு, பாதிக்குக் குறைவு. அப்பாடா என்று மூச்சு விடப் போனவள், பக்கத்தில் ஏதோ அசையத் திரும்பினாள். ஐனார் கையைத் தூக்கியிருந்தான். இருபத்து மூன்று.

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நேரே முன்னால் போய் ஸ்டாண்டிலிருந்து மைக்கைப் பிடுங்கினாள்.

"ஐனார்! எதுக்குக் கை தூக்கினே?"

ஐனார் திடுக்கிட்டான். அன்று மதியம் அவன் காதில் ஒழுங்காக விழுந்த முதல் பேச்சு அதுதான். "எல்லாரும் தூக்கினாங்க," என்றான். "நானும் தூக்கினேன்."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. பின்வரிசையில் ஐந்தாறு பேர், இன்னும் மேலேயே இருந்த கைகளை மெல்ல இறக்கினார்கள்.

"பாத்துக்கோ பிரேபென்! காது கேக்காதவன் கையை எண்ணித்தான் காது கேக்காதவனுக்கு உதவாத பெட்டியை வாங்கறே. வெக்கமா இல்ல? சங்கத்து விதி ஒம்பது என்ன சொல்லுது? ஒருத்தர் கேட்டாலும் சீட்டுல எழுதித்தான் ஓட்டு. நான் கேக்கறேன். ரெண்டு பெட்டியைப் பத்தியும் முதல்லேருந்து சொல்லு. இதைப் பிடிச்சுக்கிட்டுச் சொல்லு."

பிரேபென் காது மடல் வரை சிவந்துபோய் மைக்கை வாங்கிக்கொண்டார். மறுபடி எல்லாவற்றையும் சொன்னார். சீட்டுகளை எண்ணியபோது மெலிசுக்குப் பதினான்கு, தடிப் பெட்டிக்கு முப்பத்தொன்று.

ஜெயித்தவள் மாதிரியா இருந்தாள்? வீட்டுக்குக் காரோட்டும்போது கியரைப் போட்டு உடைத்தாள்.

"ஒம்பது பேரு! எதுக்குன்னே தெரியாம ஒம்பது பேரு கை தூக்கியிருக்கீங்க. அந்த ஆளு பதினோரு வருஷமா தலைவரா இருக்கறதும் இப்படித்தானா?"

மழை பிடித்துக்கொண்டது. வைப்பர் கிறீச்சிட்டது. சிவப்பு விளக்கில் வண்டி நின்றபோது அவளுக்கு வேறொன்று தோன்றியது. தோன்றியதும் பயமாக இருந்தது. பயத்தில் குரல் இன்னும் உயர்ந்தது.

"வீட்டுலயும் இப்படித்தானா ஐனார்? நான் எது சொன்னாலும் சரி சரின்னு தலையாட்டுவியே, அதுல எத்தனை உன் காதுல விழுந்துச்சு?"

ஐனார் அவள் பக்கம் திரும்பி, அன்பாகச் சிரித்து, சரி என்று தலையாட்டினான்.