வேலிக்குப் பின்னால் ஒரு பள்ளம்

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், கனடாவில் மல்வேர்ன் பகுதியில் வாடகைக்கு இருந்த நாங்கள் சொந்த வீடு தேடத் தொடங்கினோம். வீடு காட்டிய ஏஜென்ட் எங்கள் ஆள்தான்; என்னைவிட நாலைந்து வயது இளையவர். கொஞ்சம் தள்ளி, விட்பி என்ற ஊரில் புதிதாக எழும்பிய ஒரு வீடு என் மனைவிக்கு வாசலிலேயே பிடித்துவிட்டது. நான் நேரே பின்வளவுக்குப் போனேன். வேலிக்கு அப்பால் அகன்ற புல்வெளி, நடுவே பெரிய பள்ளம். அதன் கோடியில், வாயில் குறுக்குக் கம்பிகள் அடித்த ஒரு கொங்கிறீட் குழாய்.

“பார்க் அண்ணை. பிள்ளையள் ஓடி விளையாடலாம்,” என்றார் ஏஜென்ட்.

“பார்க்குக்கு உவ்வளவு பெரிய குழாய் என்னத்துக்கு?”

“மழைத்தண்ணி போறதுக்காக்கும்.”

அந்த ‘ஆக்கும்’ எனக்குப் பிடிக்கவில்லை.

கனடா வருவதற்கு முன் வளைகுடாவில் ஒரு பாலைவன நகரத்தில் வேலை செய்தேன். நகரத்தை ஊடறுத்து ஒரு வறண்ட ஆறு கிடந்தது. அதற்கு வெள்ளத்தடுப்புக் கரை கட்டும் கொம்பனியில், நில அளவையாளருக்கு அளவுகோல் பிடிப்பவன் நான். ஆற்றுக்குள் லொறிகள் நிற்கும்; பின்னேரங்களில் பந்து விளையாடுவார்கள். ஒரு மத்தியானம், எங்கள் தலைக்கு மேல் ஒரு முகில்கூட இல்லை. தொலைவில் மலையில் பெய்த மழை மண்ணிறச் சுவராக வந்தது. பாதி கட்டிய கரையை உடைத்து, எங்களுக்குச் சமைத்தவர் படுத்திருந்த கூடாரத்தையும் கொண்டுபோனது. அவரை மூன்றாம் நாள்தான் கண்டெடுத்தோம். அன்றிலிருந்து காய்ந்து கிடக்கும் எந்தப் பள்ளத்தையும் நான் நம்புவதில்லை.

வேலியைத் தாண்டிப் போய்க் குழாய் வாயின் கம்பிகளைப் பார்த்தேன். என் நெஞ்சு உயரத்தில் காய்ந்த புல்லும் ஒரு பிளாஸ்டிக் பையும் சிக்கியிருந்தன.

“உது எப்பிடி இந்த உயரத்துக்கு வந்தது?”

“காத்து கொண்டந்திருக்கும் அண்ணை.”

என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். பொய் என்று முடிவு கட்டினேன்.

காரில் மனைவி, “உங்களுக்கு ஆரிலதான் சந்தேகம் இல்லை?” என்றாள்.

நகரசபைக்குப் போனேன். அங்கிருந்த பெண் வரைபடத்தை விரித்தாள். மழைநீரைத் தேக்கி மெல்ல மெல்ல விடுவதற்காக வெட்டிய பள்ளம் அது, வெள்ளம் எட்டக்கூடிய எல்லையைக் குறிக்கும் வெள்ளக்கோட்டுக்கு வெளியேதான் வீடுகள் இருக்கின்றன என்றாள். பாலைவனத்திலும் அப்படி ஒரு கோடு இருந்தது. அதை வரைவதற்கு நானே அளவுகோல் பிடித்திருக்கிறேன்.

அடுத்த சனிக்கிழமை காலை மழை கொட்டியது. தனியாகக் காரை எடுத்துக்கொண்டு விட்பிக்குப் போனேன். வேலியோரம் குடையோடு ஒருவர் நின்றார். அதே ஏஜென்ட்.

“நீர் இஞ்ச என்ன செய்யிறீர்?”

அவர் பக்கத்து வீட்டைக் காட்டினார். “அது நான் வாங்கினது அண்ணை. போன மாசம்தான் கையெழுத்து வைச்சனான். நீங்கள் கேட்ட நாளிலயிருந்து எனக்கு நித்திரை இல்லை. மனிசிக்கு இந்தப் பயத்தை இன்னும் சொல்லேல்லை.”

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஒரே குடைக்குள் நின்று பார்த்தோம். பள்ளம் நிரம்பிக்கொண்டு வந்தது.

“ஏறுதோ அண்ணை?”

“பொறும்,” என்று தண்ணீர் விளிம்பில் ஒரு தடியைக் குத்தினேன். தண்ணீர் தடியைத் தாண்டியது. இன்னொன்று குத்தினேன். அதையும் தாண்டியது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். மூன்றாவது தடியை அது தொடவில்லை. மழை விட்டதும் குழாய் வழியே மெதுவாக இறங்கத் தொடங்கியது.

“அப்ப நீங்களும் வாங்கலாம்தானே?” என்று சிரித்தார்.

“ஓம்,” என்றேன்.

வாங்கவில்லை. மல்வேர்னிலேயே ஐந்தாம் மாடியில் ஒரு அப்பார்ட்மென்ட் வாங்கினோம். மனைவி இரண்டு கிழமை என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.