கேஸ் முடியும் வரை மடக்கி வைத்த கை

வக்கீல் ஆபீஸில் முப்பது வருஷம் குமாஸ்தாவாகக் குப்பை கொட்டியவனுக்கு வாய் தானாகப் பேசும். மனசு வேறெங்காவது போயிருக்கும். மாஸ்டரம்மாவிடமும் அப்படித்தான் பேசினேன். வக்காலத்தில் அவர் இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டு முடித்ததும், வழக்கமாக எல்லாருக்கும் சொல்வதைச் சொன்னேன்.

"கேஸ் முடியற வரைக்கும் அந்தக் கைய ரொம்ப ஆட்டாதீங்கம்மா. பந்து கிந்து அமுக்கிக்கிட்டு இருக்க வேணாம். விசாரணை சமயத்துல கோர்ட்டு அனுப்பற டாக்டருங்க பாப்பாங்க. அன்னிக்குக் கை எப்படி இருக்கோ, அதுக்குத்தான் நஷ்ட ஈடு."

இதை நான் நூறு பேரிடமாவது சொல்லியிருப்பேன். எங்கள் தொழிலில் இதற்குப் பெயர் ஏமாற்று இல்லை, முன்யோசனை. அந்த நூறு பேரும் தலையை ஆட்டினார்கள். எங்கள் முன்னால் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, வீட்டில் தண்ணீர்க் குடம் தூக்கினார்கள். ஒருவர் நொண்டிக்கொண்டே ஆபீஸ் படியிறங்கி, தெருமுனையில் பஸ்ஸைக் கண்டதும் ஓடிப் பிடித்ததை நானே பார்த்திருக்கிறேன். சொன்னதைச் சொன்னபடி செய்த ஒரே ஆள் மாஸ்டரம்மாதான்.

அவர் பள்ளிக்கூடச் சீருடை தைக்கும் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். நீண்ட மேசையில் துணியை ஒன்றன்மேல் ஒன்றாகப் பரப்பி, ஓரங்களில் இரும்புக் கட்டி வைத்து, அளவு பார்த்துச் சாக்பீஸால் கோடு போடுவார். பிறகு முழங்கை நீளக் கத்திரியை எடுத்தால், மேசையின் அந்தக் கோடி வரை நிறுத்தாமல் வெட்டுவார். கோட்டுக்கு இந்தப் பக்கம் நூலளவு, அந்தப் பக்கம் நூலளவு என்ற பேச்சே கிடையாது. "மாஸ்டரம்மா போட்ட கோடு, கோர்ட்டு போட்ட உத்தரவு" என்று தையல்காரர்கள் கேலி செய்வார்களாம். கோர்ட்டின் மேல் அவர்களுக்கு இருந்த மரியாதை எனக்குக் கிடையாது.

கம்பெனி வாசலில் சரக்கு இறக்கிவிட்டுப் பின்னால் எடுத்த வேன், அவரைச் சுவரோடு வைத்து நசுக்கியது. வலது முழங்கை மூன்று துண்டு. ஆஸ்பத்திரியில் தகடு வைத்து, திருகு போட்டு, வீட்டுக்கு அனுப்பும்போது எலும்பு டாக்டர் ஒரு ரப்பர் பந்தைக் கையில் கொடுத்திருக்கிறார். "தினம் மூணு வேளை பயிற்சி பண்ணுங்க. வலிக்கும், விட்றாதீங்க. ஆறு மாசத்துல முக்காவாசி வந்துரும். திரும்பக் கத்திரி புடிக்கலாம்" என்று சொல்லி, அதைச் சீட்டிலும் எழுதியிருக்கிறார். மாஸ்டரம்மாவும் பதினோரு நாள் விடாமல் செய்திருக்கிறார். பன்னிரண்டாம் நாள் எங்கள் ஆபீஸுக்கு வந்தார்.

அவர் வீட்டுக்காரர் ஒரு ஜவுளிக்கடையில் லிஃப்ட் ஆபரேட்டர். அவருக்குத்தான் உறுத்தியது. ஒரு நாள் தனியாக என்னைத் தேடி வந்தார்.

"டாக்டரு ஆட்டுங்கறாரு, நீங்க ஆட்டாதேங்கறீங்க. இவ உங்க பேச்சத்தான் கேப்பேங்கறா. எனக்குத் தலையும் புரியல, வாலும் புரியல சார்."

"டாக்டரு கையத் தருவாரு, நாங்க காசத் தருவோம். ரெண்டும் வேணும்னா கொஞ்சம் பொறுக்கணும்" என்றேன். சொல்லிவிட்டு என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

"நாள் பூரா லிஃப்டுல நிக்கறவனுக்குப் பொறுமையச் சொல்லித் தர வேணாம். அவளுக்குக் கத்திரி புடிக்கணும், அவ்வளவுதான். காசு ரெண்டாம்பட்சம்" என்று எழுந்து போனார்.

மாஸ்டரம்மாவுக்கும் காசு ரெண்டாம்பட்சம்தான். ஆனால் கேஸ் என்று ஒன்று தொடங்கிவிட்டால் அதைச் சரியாகச் செய்ய வேண்டும் என்று நினைத்தார். கம்பெனி முதலாளியும் நல்ல மனுஷன். "கேஸ் முடிஞ்சு கை சரியாகி வாங்க. மேசை உங்களுக்குத்தான்" என்று சொல்லி, அதுவரை இடது கையால் பிசிர் நூல் வெட்டும் வேலை கொடுத்தார். மேசையில் தற்காலிகமாக வேறொரு பெண் வெட்டினாள். அவள் வெட்டுவதை இவர் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். கோடு பிசகினால் வாயைத் திறக்க மாட்டார், எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவார்.

ஒரு வருஷத்தில் முடியும் என்று சொன்ன கேஸ் நான்கு வருஷம் போனது. நீதிபதி மாறினார், வாய்தா. இன்ஷூரன்ஸ் கம்பெனி வக்கீலுக்குக் காய்ச்சல், வாய்தா. வேன் சொந்தக்காரர் வீடு மாறிவிட்டார், சம்மன் திரும்பி வந்தது, வாய்தா. சாட்சிக்காரன் காலில் விழுவதைவிடச் சண்டைக்காரன் காலில் விழலாம் என்று சும்மாவா சொன்னார்கள்? ஒவ்வொரு வாய்தாவுக்கும் மாஸ்டரம்மா அரை நாள் லீவு போட்டு, மிச்சத் துணியில் தைத்த தொட்டிலில் கையை மடக்கிப் போட்டுக்கொண்டு, வராந்தா பெஞ்சில் வந்து உட்காருவார். தூங்கும்போது கை தானாக நீண்டுவிடக் கூடாது என்று வீட்டிலும் அதைக் கழற்றுவதில்லை என்று வீட்டுக்காரர் ஒருமுறை சொன்னார். அப்போதாவது நான் பதறியிருக்க வேண்டும். என் மேசையில் அன்றைக்கு ஏழு கேஸ் கட்டு இருந்தது. சரி என்றேன்.

மூன்றாம் வருஷம் அந்த விரல்களைப் பார்த்தேன். இடது கை விரல்களில் பாதி கனம்கூட இல்லை. "ஊசி குத்தினாக்கூடத் தெரியல சார்" என்றார், தேதி கேட்பவர் போல. "டாக்டருங்க பாக்கறப்போ அத மறக்காம சொல்லுங்க" என்றேன் நான்.

பிறகு புதுச் சட்டம் வந்தது. நல்ல எண்ணத்தில் வந்த சட்டம்தான், அதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. இழுத்தடிப்பு கூடாது, ஆளுக்கொரு தீர்ப்பு கூடாது என்று காயங்களுக்கெல்லாம் ஒரு அட்டவணை போட்டார்கள். எந்த மூட்டு, எவ்வளவு குறை, எவ்வளவு தொகை என்று வரிசையாக இருக்கும். விசாரணை இல்லை, கோர்ட்டு டாக்டர் இல்லை. முதலில் சேர்த்த ஆஸ்பத்திரி எழுதிய சீட்டில் என்ன இருக்கிறதோ அதுவே முடிவு. நிலுவையில் இருந்த பழைய கேஸ்களுக்கும் இதுதான். எங்கள் ஆபீஸில் பாதிப் பேருக்கு மூன்றே மாதத்தில் பணம் வந்தது. நொண்டிக்கொண்டே போய் பஸ் பிடித்தவருக்குக்கூட வந்தது.

மாஸ்டரம்மாவின் சீட்டில், பயிற்சி செய்தால் முக்கால்வாசி குணமாகும் என்று எழுதியிருந்தது. அட்டவணையில் அதற்குப் பெயர் தற்காலிகக் குறை, கடைசிக்கு முந்தைய வரி. வந்த தொகை அவருடைய ஆறு மாதச் சம்பளம் இருக்கும். ஆறு மாதத்தில்தானே சரியாகியிருக்க வேண்டும்.

வக்கீல் அவருக்கு இரண்டு நிமிஷம் ஒதுக்கினார். "மேல போகலாம்மா. ஆனா டாக்டர் சொன்ன பயிற்சியப் பண்ணாம நீங்களே கையக் கெடுத்துக்கிட்டீங்கம்பாங்க. அதுக்கு நம்மகிட்ட பதில் இல்ல." அங்கியை மாட்டிக்கொண்டு கோர்ட்டுக்குக் கிளம்பினார். பதில் நான்தான். அது வக்கீலுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அறையில் மாஸ்டரம்மாவும் நானும் மட்டும். உத்தரவை அவர் பக்கம் நகர்த்தி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினேன். எனக்கு வெட்கமாக இருந்திருக்க வேண்டும். உண்மையைச் சொன்னால், ஒன்றும் இல்லை.

"அப்ப யாரும் வந்து கையப் பாக்க மாட்டாங்களா சார்?"

"மாட்டாங்கம்மா. இப்ப அது கிடையாது."

"அவங்க பாக்கறதுக்குத்தானே வச்சிருந்தேன்."

நான் பேனாவை நீட்டினேன். இடது கையில் வாங்கிக் கையெழுத்துப் போட்டார். நான்கு வருஷத்தில் இடது கை எழுத்து அழகாகத் திருந்தியிருந்தது.

"கேஸ் முடிஞ்சுதுங்களா?"

"முடிஞ்சுதும்மா."

"அப்ப இனிமே ஆட்டலாமா?"

நான் தலையை ஆட்டினேன். அவர் கழுத்திலிருந்து தொட்டிலைக் கழற்றி, மடித்துப் பைக்குள் வைத்தார். பிறகு என் மேசை விளிம்பில் முழங்கையை ஊன்றி, இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்து மெதுவாகக் கீழே அழுத்தினார். கை மடங்கியபடியே இருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு இன்னொரு தடவை அழுத்தினார். மேசைதான் அசைந்தது. நெற்றியில் வேர்த்துவிட்டது.

நான் எதையோ சொல்ல வாயெடுத்தேன். முப்பது வருஷமாகத் தானாகப் பேசிய வாய்க்கு அன்றைக்கு ஒரு வார்த்தை கிடைக்கவில்லை.

"பரவால்ல சார், நீங்க ஏன் ஒரு மாதிரி ஆயிட்டீங்க" என்றார் மாஸ்டரம்மா. "பழக்கம் விட்டுப் போச்சில்ல. நாளையிலேர்ந்து தினம் மூணு வேளை பண்றேன்."