பொட்டு வைத்த குடுவை

தென்னேரி வயல் சேற்றிலிருந்து அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியாவைப் பிரித்து, உத்திரமேரூர் ஆய்வகத்தில் ஒரு குடுவைத் தண்ணீரில் மாதக்கணக்கில் வளர்த்தேன். மற்ற பாக்டீரியா வளர்ந்தால் தண்ணீர் கலங்கும். இந்த மகாராணி எவ்வளவு வளர்ந்தாலும் தண்ணீர் தெளிவாகவே இருக்கும்.

ஆயுதபூஜையன்று தாமதமாகப் போனேன். வேறு கிருமி புகுந்து கெட்டுப்போன இன்னொரு கலங்கல் குடுவைக்குச் சாமந்தி மாலை! என் குடுவை கழுவிக் கவிழ்க்கப்பட்டிருந்தது.

"வெறுந்தண்ணிதானே கீதுன்னு ரோஜாத் தொட்டில ஊத்திட்டேன் சார். நல்லா வளந்தத பத்திரமா வச்சிக்கினு கீறேன்," என்றார் உதவியாளர் செல்வியக்கா பெருமையாக. தலையில் கைவைத்து உட்கார்ந்தவனிடம் பொரிகடலையை நீட்டினார்.

அந்தத் தொட்டி மண்ணை எடுத்தே மறுபடி தொடங்கினேன். இப்போது புதுக் குடுவையில் லேபிளுக்கு மேலே செல்வியக்கா பெரிதாக வைத்த குங்குமப் பொட்டு. இனி அதைக் கொட்ட எனக்கே கை வராது.