வளைந்த கோலில் பதித்த சிப்பி

இத்தனை வருடம் கழித்தும் அந்தப் பில்லியர்ட்ஸ் கோலை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

தேக்கா சந்தைக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்த மரச்சாமான் கடையில் நான் பதிப்பு வேலைக்காரன். அலமாரிக் கதவு, நகைப்பெட்டி, கட்டில் தலைமாடு, எதிலும் முத்துச்சிப்பி பதிப்பேன். எங்கள் தொழிலில் கைக்கு நல்ல பேர் இருந்தால்தான் சோறு. ஒரு நாள் ரப்பர்த் தோட்டத் துரை ஒருவர், சீமையிலிருந்து வரவழைத்த தம் கோலைக் கொண்டுவந்தார். கைப்பிடிப் பக்கம் சிப்பியில் கொடியும் இலையும் வேண்டுமாம். மெருகேற்றி முடித்த சாமானில் கை வைப்பது புதுச்சாமான் செய்வதைவிடச் சிக்கல். பள்ளம் ஒரு நூல் கூடுதலாகப் போனாலும் மரம் பலமிழந்துவிடும்.

கோலை வாங்கியதும் ஒரு கண்ணை மூடி நீளவாட்டில் பார்த்தேன். மரம் தொடுகிற எவனும் முதலில் அதைத்தான் செய்வான். நுனிப்பக்கம் லேசாக வளைந்திருந்தது. இந்த ஊர் ஈரத்தில் சுவரோரம் சாய்த்தே வைத்திருந்தால் வேறென்ன ஆகும்? வாயைத் திறக்கப் போனேன். முதலாளி என் முழங்கையை இடித்தார்.

"துரைகிட்டப் போயி உங்க சாமான் கோணல்னு சொல்லுவியா? மரியாதையா இருக்குமா? பதிக்கிற வேலைய மட்டும் பாரு."

பெரிய மனிதர் பொருளில் குறை சொல்லக்கூடாது என்கிற பாழாய்ப்போன மரியாதை எனக்கும் ஊறிப்போயிருந்தது. பேசாமல் இருந்துவிட்டேன். அந்தத் தப்பு என்னுடையது, ஒத்துக்கொள்கிறேன்.

பத்து நாள் உழைத்தேன். தோண்டுவதற்கு முன் கோலை விரல்மேல் கிடத்தி, அது சமனாக நிற்கும் இடத்தைச் சுண்ணக்கட்டியால் குறித்துக்கொண்டேன். வேலை முடிந்து வைத்துப் பார்த்தால் அதே இடம், மயிரிழைகூட நகரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு தடவினால் மரம் எது, சிப்பி எது என்று தெரியாது. பெருமையாகத்தான் சொல்கிறேன்.

அடுத்த வாரம் கிளப்பிலிருந்து ஆள் வந்தது. துரை ஆட்டத்தில் தோற்றுவிட்டாராம், சிப்பிதான் காரணமாம். என்னையும் முதலாளியையும் பின்வாசலில் நிறுத்தினார்கள். துரைக்கும் எனக்கும் பொதுப் பாஷை மலாய்தான். கோளாறு நுனியில் இருக்கிறது, மேசையில் உருட்டிப் பாருங்கள் என்றேன். எங்களை உள்ளே விடமாட்டார்களே. மேசையைக் கவனிக்கும் ஆள் உருட்டினார். சன்னல் வழியாகப் பார்த்தேன். கோல் தத்தித் தத்தி உருண்டது. அப்பாடா, உண்மை தெரிந்துவிட்டது என்று மூச்சுவிட்டேன்.

"பெங்கோக்!" என்று துரை கத்தினார். வளைந்துவிட்டதாம். அவர் விரல் நீண்டது என்னை நோக்கி. நான் தோண்டியதால்தான் வளைந்தது என்று முடிவே கட்டிவிட்டார்.

வரும்போதே வளைந்திருந்தது என்றேன். அப்படியானால் அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். கேள்வி நியாயம்தான். பதில் தெரிந்தவர் என் பக்கத்திலேயே நின்றிருந்தார். அவர் முகத்தைப் பார்த்தேன்.

முதலாளி துரையைக் கும்பிட்டு, இவன் கைப்பிழைதான், சிப்பியை எடுத்துப் பழையபடி ஆக்கித் தருவான் என்று குழைந்தார். பழையபடியா! தோண்டி எறிந்த மரத்தை எங்கே போய்ப் பொறுக்குவது? கோலை என் கையில் கொடுத்து அனுப்பினார்கள்.

"கோவப்படாதப்பா, பேச்சுக்குத்தானே சொன்னேன்" என்றார் முதலாளி, தெருவுக்கு வந்ததும் என்னிடம்.

"அப்ப எடுக்கிறதையும் நீங்களே எடுங்க" என்று கோலை அவர் கையில் திணித்துவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் வேறொரு கடைக்கு வேலை கேட்டுப் போனேன். நான் வாயைத் திறக்குமுன் அந்தக் கடைக்காரர் கேட்டார்: "துரை கோலை வளைச்சது நீதானே?"