கலங்கலை நான் உடைத்த கார்த்திகை

ஏரிக்குக் கீழே குடியிருப்பவர்களுக்கு மழைக்காலம் என்றால் சண்டைக்காலம். காஞ்சிபுரத்திலிருந்து ஐயம்பேட்டை வழியாக நடந்தால் ஒரு வேளைப் பொழுதில் வந்துவிடலாம், நான் வாழ்க்கைப்பட்ட ஊருக்கு. அதே ஏரியின் மேல்புறத்தில் இருந்தது நான் பிறந்த ஊர். நடுவில் தண்ணீர்தான்.

ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து போவதற்குக் கலங்கல் உண்டு. வரிசையாகக் கல் நட்ட வாய் அது. ஐப்பசி மழை பிடித்ததும் எங்கள் ஊர் ஆண்கள் அந்தக் கற்களுக்கு நடுவே வைக்கோலும் களிமண்ணும் வைத்து மிதித்து அடைத்துவிடுவார்கள். ஒரு முழம் தண்ணீர் கூடுதலாக நிற்கும். கோடைப் போகத்துக்கு ஆகும். அந்த ஒரு முழம்தான் மேலே போய் என் பிறந்த ஊருக்குள் ஏறும். பயிர் அழுகும். தறிக்குழியில் தண்ணீர் நிற்கும். ஆகவே அவர்கள் கடப்பாரையோடு வருவார்கள். இவர்கள் தடியோடு நிற்பார்கள். வருஷம் தவறாமல் யாருக்காவது மண்டை உடையும். போலீஸ்காரன் வந்து சேர்வதற்குள் வெள்ளமே வடிந்திருக்கும்.

அந்த வருஷம் மூன்று நாள் விடாமல் அடித்தது மழை. வாழ்க்கைப்பட்டு எனக்கு அது நாலாவது கார்த்திகை. காலையில் சாணி அள்ளப் போனேன். எங்கள் மாட்டுக்கொட்டகை ஏரிக்கரையின் அடியை ஒட்டி இருந்தது. கரையடியில் தண்ணீர் கசிவது எப்போதும் உள்ளதுதான். தெளிவாகக் கசிந்தால் பயமில்லை. அன்றைக்குச் செக்கச்செவேல் என்று வந்தது. கையை வைத்தேன், கூழ் மாதிரி மண் உள்ளங்கையில் நின்றது. கரை உள்ளுக்குள் கரைகிறது என்று அர்த்தம். உடைந்தால் முதலில் போவது எங்கள் வீடு, பிறகு தெரு முழுவதும்.

ஒரு செம்பில் அந்தத் தண்ணீரை மொண்டுகொண்டு கலங்கலுக்கு ஓடினேன்.

அங்கே அதற்குள் கல்வீச்சு ஆரம்பித்திருந்தது. ஏரிப்பக்கம் இடுப்பளவுத் தண்ணீரில் என் அண்ணன், நெற்றியில் ரத்தம் வழிய, கடப்பாரையோடு நின்றார். அடைப்பின் மேல் என் வீட்டுக்காரர், கையில் தடி.

“இன்னாங்க, கொட்டாய் பின்னால கரை கரையுது. இந்தத் தண்ணியப் பாருங்க. அடைப்ப எடுத்து வுட்டுடுங்க.”

அவர் செம்பைப் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்தார்.

“எந்தக் குட்டையில மொண்டுக்கினு வந்தே?”

பக்கத்தில் நின்ற அவருடைய அண்ணன் சிரித்தார். “அண்ணங்காரன் கடப்பாரையோட வரான், தங்கச்சி செம்போட வரா. நாம அங்க ஓடணும், அவனுங்க இங்க ஒடைக்கணும். நல்லாத்தான் பேசி வச்சிக்கினு வந்திருக்கீங்க!”

“ஒரே ஒரு ஆள அனுப்பிப் பாருங்க.”

“ஒருத்தன் நகரமாட்டான். வூட்டுக்குப் போடி” என்று என் வீட்டுக்காரர் செம்பைத் தட்டிவிட்டார்.

நான் போகவில்லை. தண்ணீரில் இறங்கினேன். அந்த நேரம் இன்னொரு கல் பட்டு என் அண்ணன் சாய்ந்தார், கடப்பாரை கைநழுவியது. அதை எடுத்து இரண்டு கல்லுக்கு நடுவே ஓங்கிக் குத்தினேன். முதுகில் ஒரு அடி விழுந்தது. யார் என்று பார்க்கவில்லை. மறுபடி குத்தினேன். இடது கையில் தடி இறங்கியது. அது யார் தடி என்று தெரியும். இரண்டு விரல் முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. திரும்பி, கடப்பாரையால் என் வீட்டுக்காரரின் முட்டியில் போட்டேன். விழுந்தார். அதற்காக இன்றைக்கு வரைக்கும் நான் வருத்தப்பட்டதில்லை.

மூன்றாவது குத்தில் அடைப்பு விட்டது. வைக்கோல், சேறு, ஆள் எல்லாம் ஒன்றாகப் போயிற்று. சிரித்தாரே, அவருடைய அண்ணன், அவர் கற்களின் மேல் உருண்டு கீழே விழுந்ததில் தாடை உடைந்தது.

காவல் காக்க ஒன்றும் இல்லாமல் போனபிறகுதான் அவர்களுக்குக் கரையைப் பார்க்க நேரம் கிடைத்தது. கொட்டகைக்குப் பின்னால் கன்றுக்குட்டித் தலை நுழைகிற அளவுக்குப் பொந்து விழுந்திருந்தது. வைக்கோல், முள், மணல் மூட்டை, கடைசியில் கொட்டகைக் கூரையையே பிரித்துத் திணித்தார்கள். பொழுது சாய்வதற்குள் ஏரியும் ஒரு முழம் இறங்கியது. கரை நின்றது.

“கரை கரைஞ்சது அவளுக்கு வாகாப் போச்சு, பொறந்த ஊர காப்பாத்திக்கினா” என்று கிணற்றடியில் பேசினார்கள். வீட்டில் அவர் காலில் கட்டோடு கிடந்தார். நான் கையில் கட்டோடு சோறு போட்டேன். பேச்சு கிடையாது.

பொங்கலுக்கு அண்ணன் சீர் கொண்டு வந்தார். வழக்கமான மஞ்சள், கரும்பு, அரிசி, வெல்லம். அதற்கு மேல் ஒரு அரக்குப் பட்டுப்புடவை. தண்ணீர் வடிந்த தறியில் முதலில் நெய்ததாம்.

“இது இன்னாத்துக்கு?” என்றேன்.

“பொறந்த ஊருக்காகக் கைய ஒடைச்சிக்கினியேம்மா. ஊரே சேர்ந்து குடுத்தனுப்புச்சு.”

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. “உன் ஊருக்காக இல்லண்ணா. என் வூட்டுக்காக. கரை நல்லா இருந்திருந்தா, அந்தக் கடப்பாரைய உன் மண்டையிலதான் போட்டிருப்பேன்.”

மற்றதை எடுத்துக்கொண்டு புடவையை அவர் மடியிலேயே வைத்தேன். கயிற்றுக்கட்டிலில் கிடந்த என் வீட்டுக்காரர் அன்றைக்குத்தான் வாயைத் திறந்தார்.

“போட்டுடுவா மச்சான். எடுத்துக்கினு போய்டு.”